அக்காவின் பெயருக்கு ஓர் ஆட்சேபம்

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் பினாங்கில் பாதிப் பேருக்கு ஒரு தொலைபேசி எண்தான் ஞாபகம் வரும். எனக்கோ அது, ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறையைப் பிடித்துவைத்துக்கொண்டு, வெளியே நான் கதவை உடைக்காத குறையாகத் தட்டும்போது உள்ளே நிதானமாகப் பாடிக்கொண்டிருந்த ஒருத்தியின் பெயர். இரண்டும் ஒரே பெயர்தான் என்று என் புத்திக்குத் தெரியும். மனசு இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

அக்கா ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்த்தாள். தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். இந்த வாக்கியம் இவ்வளவு சின்னது. ஆனால் எங்கள் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. அப்பா அரசாங்க இலாகா ஒன்றில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வுபெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், இரண்டாம் தலைமுறை சிலோன்காரர். கோப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நடந்தது என்று வாழ்ந்த மனிதர். அவர் டெங்கிக் காய்ச்சல் என்றார். அதோடு முடிந்தது. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் டெங்கி என்று கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஒரு மாமி போகிற போக்கில், பூச்சட்டித் தட்டுகளில் தண்ணீர் தேங்கவிடக் கூடாது என்று அம்மாவுக்குப் புத்தி சொன்னார். அந்த மாமிக்கும் தெரியும். சொன்னவருக்குத் தெரியும், கேட்டவருக்குத் தெரியும், பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியும். அம்மா போய்ப் பூச்சட்டித் தட்டுகளைக் கவிழ்த்துவைத்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சட்டிகளையெல்லாம் தூக்கி ரோட்டில் போட்டு உடைத்திருப்பேன்.

பிறகு படங்கள் சுவரிலிருந்து இறங்கின. பெயரும் வீட்டைவிட்டுப் போய்விட்டது. யாரும் தடை போடவில்லை, அது தானாகவே நடந்தது. அவள் துண்டு தொங்கிய ஆணியைக்கூட யாரும் பிடுங்கவில்லை. அதில் வேறு எதையும் மாட்டவும் இல்லை. புதிதாக யாராவது விசாரித்தால் அப்பா, "எங்களுக்கு ஒரே பிள்ளை" என்று என்னைக் காட்டினார். நான் அந்த இடத்தில் நின்று சிரிக்க வேண்டும். எப்படி இருக்கும் சொல்லுங்கள்?

அக்காவோடு வேலை பார்த்த சீனத் தாதி ஒருவர் இருந்தார். நம் ஊரில் தாதிகளை மிஸ்ஸி என்றுதானே கூப்பிடுவோம். நானும் அவரை மிஸ்ஸி என்றே சொல்கிறேன். அவருக்கு அக்காவின் சாவு தாங்கவில்லை. வாய்விட்டு அழுவதற்கு ஓர் ஆள் இல்லாமல் போனதால்தான் போய்விட்டாள் என்று அவர் நம்பினார். அதே ஆஸ்பத்திரியில் தமிழ் முஸ்லிம் டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் குடும்பத்துக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு கடைவீடு. கீழே அவருடைய சாச்சா, அதாவது சித்தப்பா, நடத்தும் நாசி கண்டார் சோற்றுக்கடை, மேலே ஒரு காலி அறை. அந்த அறையில் ஒரு மேசை, ஒரு தொலைபேசி, ஒரு காற்றாடியோடு ஆரம்பித்தார்கள். மனம் உடைந்தவர்கள் கூப்பிடலாம், யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். அவ்வளவுதான்.

அதற்கு அக்காவின் பெயரை வைக்கலாமா என்று மிஸ்ஸி அம்மாவிடம் கேட்டது தைப்பூசத்தன்று, தண்ணீர்மலை முருகன் கோயில் படிக்கட்டின் அடியில். மிஸ்ஸி ஒரு தண்ணீர்ப்பந்தலில் சிரப் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மாவின் கையில் கிளாஸைக் கொடுத்துவிட்டுக் கையை விடாமல் கேட்டார். அம்மா கூட்டத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்த அப்பாவின் முதுகைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். எங்கள் குடும்பம் கொடுத்த அனுமதி அந்த ஒரு தலையாட்டல்தான்.

அந்த அறையில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். தொலைபேசியை எடுப்பவர் தன் பெயரைச் சொல்லக் கூடாது. எல்லாரும் அக்காவின் பெயரைத்தான் சொல்ல வேண்டும். "நான் இன்னார் பேசுறேன், சொல்லுங்க." பெண்கள் சொன்னார்கள், ஆண்களும் சொன்னார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த, தொண்டை கட்டிய குரல்கொண்ட ஓர் அண்ணன்கூட அந்தப் பெயரைத்தான் சொன்னார். சின்னப் பெயர், சீனர் வாயிலும் மலாய்க்காரர் வாயிலும் தடங்கலில்லாமல் நுழையும். ஒரே ஆள்தான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று கூப்பிடுபவர்களுக்குத் தோன்ற வேண்டும் என்பது மிஸ்ஸியின் எண்ணம். தோன்றவும் செய்தது. அதன் வினை எங்கே வந்து விடிந்தது என்றால் என் தலையில்.

ஒரு நாள் கீழே சாச்சா கடையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண் தன் கூட்டாளியிடம் சொன்னாள்: "நேத்து நான் அதுகிட்ட பேசினேன்லா. ரொம்ப நேரம் கேட்டுச்சு. குரலே நல்ல பாசமா இருந்துச்சு." அக்காவின் பெயரைச் சொல்லித்தான் சொன்னாள், பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சொல்வதுபோல. சாச்சா, "என்னம்மா, கொழம்பு கலந்து ஊத்தவா?" என்று இரண்டு தடவை கேட்டார். செத்துப்போன என் அக்கா நேற்று யாரோடோ ரொம்ப நேரம் பேசியிருக்கிறாள். எங்களோடு பேசவில்லை. பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது. சோற்றை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

நான் அப்போது லெபோ பந்தாய்த் தெருவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஒரு நாள் தலைவலி தாங்காமல் மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். அப்பா சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கும் நேரம். அம்மா தொலைபேசி மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். பேசவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததால் ரிசீவருக்குள்ளிருந்து வந்த குரல் எனக்கும் கேட்டது. யாரோ ஒருத்தி அக்காவின் பெயரைச் சொன்னாள். "நான் இங்கதான் இருக்கேன். அவசரமில்ல. நீங்க மெதுவா சொல்லுங்க" என்றாள்.

மத்தியானத்தில் யாரோ தினமும் கூப்பிட்டுப் பேசாமலே வைத்துவிடுகிறார்கள், மூச்சு மட்டும் கேட்கிறது என்று மிஸ்ஸி முன்பே என்னிடம் கவலைப்பட்டிருந்தார். கூப்பிட்டவர் வைக்கும்வரை நாம் வைக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். அதனால் அந்த மூச்சோடு அவர்களும் உட்கார்ந்திருந்தார்களாம்.

அம்மா என்னைப் பார்த்துவிட்டு ரிசீவரை வைத்தார். திருட்டு முழி முழிப்பார் என்று நினைத்தேன். அப்படியொன்றும் இல்லை.

"ஏனம்மா ஒண்டும் கதைக்காமல் வைக்கிறீங்கள்?"

"கதைக்கிறதுக்கு என்ன இருக்கு பிள்ளை? ஆராவது அவளின்ர பேரைச் சொல்லிக் கேட்டாக் காணும் எனக்கு. இஞ்ச ஆர் சொல்லினம்?"

நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தலைவலி போன இடம் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் படுபாவி வந்து சேர்ந்தான். பட்டர்வொர்த் பக்கம் மந்திரித்த கயிறு விற்று, நாலு நம்பர் லாட்டரிக்கு எண் பார்த்துச் சொல்லும் ஆள். மிஸ்ஸியும் டாக்டரும் அக்காவின் பெயரும் எண்ணும் போட்டு அச்சடித்த சின்ன நீல அட்டைகள் பஸ் நிலையத்திலும் காப்பிக் கடைகளிலும் ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறான். அதே பெயர், அதே நீல நிறம், அதே மாதிரி எழுத்து; எண் மட்டும் அவனுடையது. "மனக்கஷ்டமா? கூப்பிடுங்கள்" என்று ஊர் முழுக்க ஒட்டிவிட்டான். ஒரு தொழிற்சாலைப் பெண் இவர்கள் என்று நினைத்து அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். உன்னைப் பிடித்திருக்கும் பேயை ஓட்டுகிறேன் என்று கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வாங்கிக்கொண்டான். அவள் ஒரு நாள் மாடிப்படி ஏறி வந்து மிஸ்ஸியின் முகத்துக்கு நேரே கத்தினாள்: "உங்க ஆளுதானே! சாகப்போறவகிட்டயா புடுங்குவீங்க?" நல்லவேளை, கத்துவதற்காவது வந்தாள். வராமல் போயிருந்தால்? மிஸ்ஸி அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் எங்கள் லாயரிடம் வந்தார். லாயர் நல்ல மனிதர், ஃபீஸ் வேண்டாம் என்றுவிட்டார். போலீஸுக்குப் போவது ஒரு பக்கம் இருக்கட்டும், பெயரை டிரேட்மார்க்காகப் பதிவுசெய்துவிட்டால் வேறு யாரும் அட்டை அடிக்க முடியாது என்றார். அதில் ஒரு சிக்கல். அந்தக் காலத்துச் சட்டம் சரக்குக்குத்தான் முத்திரை கொடுக்கும். சோப்புக்கு உண்டு, மிளகாய்த்தூளுக்கு உண்டு. ஒருவர் அழுவதை இன்னொருவர் கேட்பதற்குக் கிடையாது.

"என்ன சாமான் விக்கிறீங்க டாக்டர்?" என்று லாயர் கேட்டார்.

"ஒண்ணும் விக்கலையே."

"சும்மா கொடுக்கிறதாச்சும் என்ன இருக்கு? கையில எடுத்துக் காட்டுற மாதிரி?"

டாக்டர் சட்டைப் பையைத் தடவி அந்த நீல அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். லாயர் அதைத் தூக்கிப் பார்த்து, "இது போதும்லா" என்றார். அப்படித்தான், என் அக்காவின் பெயர் அச்சடித்த அட்டைகளும் துண்டுப் பிரசுரங்களும் என்ற சரக்கின் முத்திரையாக விண்ணப்பத்தில் ஏறியது. டைப் அடித்தது நான். அந்தப் பெயரின் எழுத்துகளை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஒரு தாளை வீணாக்கினேன். லாயர் ஒன்றும் கவனிக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை நான் டெங்கியில் அக்காவைப் பறிகொடுத்த பெண். அந்த அக்காவின் பெயர் என்ன என்று அவர் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை.

சில மாதங்கள் கழித்துக் கோலாலம்பூரிலிருந்து டிரேட்மார்க் பதிவகத்தின் கடிதம் வந்தது. அலுவலகத்துத் தபால்களை உடைப்பது என் வேலை. இது ஒரு பெண்ணின் பெயராகத் தெரிகிறது. உயிரோடிருப்பவரின் பெயர் என்றால் அவருடைய சம்மதம் வேண்டும். அண்மையில் இறந்தவர் என்றால் அவருக்காகப் பேச உரிமையுள்ள குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெயரைப் பதிவுசெய்ய இயலாது. அண்மையில் என்றால் எவ்வளவு அண்மையில் என்று நான் யோசித்துக்கொண்டே நின்றேன். எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தால் தெரியும்.

கடிதத்தை லாயர் மேசையில் வைத்தேன்.

"அட, நிஜமாவே ஒரு பொண்ணு பேரா இது? யாரும்மா, உனக்குத் தெரியுமா?"

"எங்க அக்கா சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க அக்கா டெங்கில…"

"டெங்கி இல்ல சார்."

அதைச் சொல்லிவிட்டு நான் போய் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். வெளியில் லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு போயின. சொல்லிவிட்டது ஆறுதலாக இல்லை, பயமாக இருந்தது. லாயர் கொஞ்ச நேரம் கழித்து வந்து, அப்பாவோ அம்மாவோ யாராவது ஒருவர் போதும், சத்தியப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடு என்று மெதுவாகச் சொன்னார். கிடைக்காவிட்டால் வேறு பெயர்தான். வேறு பெயர் என்றால் அந்த அறை நடக்கும், தொலைபேசி ஒலிக்கும், யாராவது எடுப்பார்கள். மத்தியானத்தில் அம்மா கூப்பிட்டால் மட்டும் ஏதோ ஓர் அந்நியப் பெயரைச் சொல்வார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயரைக் கேட்க அம்மாவுக்கு உலகத்தில் வேறு இடம் கிடையாது.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் கேட்டேன். நான் பூசி மெழுகிப் பேசத் தெரியாதவள். நேராகவே கேட்டுவிட்டேன்.

அப்பா பத்திரத்தை ஒரு பழைய கிராணியின் கவனத்தோடு மேலிருந்து கீழே வாசித்தார். மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நான் கையெழுத்துப் போட மாட்டன்."

"ஏனப்பா?"

"இது கசெட்டில வரும். உனக்குத் தெரியுமோ? அரசாங்கம் அச்சடிச்சு விடும். முழுச் சனமும் வாசிக்கும்."

கசெட் என்கிற அரசிதழை முழுச் சனமும் வாசிக்குமாம்! உலகத்தில் யார் அதை வாசிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். எங்கள் அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் வாசிப்பார்கள். எங்கள் சிலோன் ஆட்களின் சங்கத்தில் ஒரு வாசிகசாலை இருந்தது. ஓய்வுபெற்ற கிராணிமார் காலையிலேயே சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டுக்கொண்டு போய், யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு மாற்றம், யாருக்குப் பென்ஷன் என்று கசெட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார்கள். அப்பாவுக்கு உலகம் என்றால் அந்த மேசையைச் சுற்றியிருந்த நாலு நாற்காலிகள்தான்.

"வாசிச்சா வாசிக்கட்டுமே. அதில எப்பிடிச் செத்தவள் எண்டா போட்டிருக்கு? பேர் மட்டும்தானே."

"எந்தக் கூட்டத்துக்கு எண்டு போட்டிருக்கெல்லோ? பார்த்தவுடனே விளங்கும். நாளைக்கு உன்ர கலியாணம் நிண்டுபோம்."

கோலாலம்பூரில் ஓர் இஞ்சினியர் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். அவர்களுக்கும் ஒரே பிள்ளைக் கதைதான் சொல்லப்பட்டிருந்தது.

"நிக்கட்டும். எனக்கு அப்பிடி ஒரு கலியாணம் வேண்டாம்."

"வாயைக் காட்டாதை. அவள் டெங்கியில செத்தவள்."

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, கத்திவிட்டேன். "அப்பா, இஞ்ச நாங்கள் மூண்டு பேர்தான் இருக்கிறம்! ஆருக்கு இந்தக் கதை?"

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அவர் யாருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அந்த நேரத்தில் விளங்கியது. எங்களுக்காக இல்லை, ஊருக்காகவும் இல்லை. அந்தப் பொய்யை எடுத்துவிட்டால் அவருக்கு உட்கார நாற்காலியே இல்லை. பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை.

சமைத்துக்கொண்டிருந்த அம்மா குசினியிலிருந்து வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே, "நான் போடுறன்" என்றார்.

"என்னைக் கேளாமலோ?"

"பெத்தது நான்" என்றார் அம்மா. குரலை உயர்த்தவில்லை. மறுபடி குசினிக்குள் போய்விட்டார்.

மறுநாள் அம்மா கலியாண வீட்டுக்குப் போவதுபோல் நல்ல சேலை கட்டிக்கொண்டு என்னோடு வந்தார். கோர்ட்டுக்குப் பக்கத்தில், ஒரு கடையின் மாடியில், சத்தியப் பத்திரங்களுக்கு முத்திரை குத்தும் கமிஷனர் இருந்தார். வயதானவர், தமிழர். பத்திரத்தை வாசித்து, விளக்கி, "நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்கம்மா" என்றார். இன்னாரின் தாயாகிய நான், என் மகளின் பெயரை இந்த அமைப்பு பயன்படுத்தச் சம்மதிக்கிறேன். அம்மா திருப்பிச் சொன்னார். அக்காவின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, ஒரு தடவை சொல்லிவிட்டு, மறுபடியும் சொன்னார். பிறகு இன்னொரு தடவை.

"ஒரு தடவை சொன்னா போதும்மா" என்றார் கமிஷனர்.

"எனக்குப் போதாது" என்றார் அம்மா.

கமிஷனர் முத்திரையைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பத்திரத்தை வாங்கிக்கொண்ட லாயர், ஒளிவுமறைவு வேண்டாம் என்று அம்மாவிடம் விளக்கினார். "அம்மா, ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. பதிஞ்சப்புறம் இந்த வேலைக்கு இந்தப் பேரு அவங்களோடது. நாளைக்கு வேணாம்னு நீங்க திருப்பி வாங்க முடியாது."

"நாங்கள் வச்சிருந்து என்ன செய்தனாங்கள்?" என்றார் அம்மா.

லாயர் பத்திரத்தைக் கோப்புக்குள் வைத்துக் கட்டினார்.

அதற்குப் பிறகு அப்பா எங்கள் இருவரோடும் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். காலையில் வாசிகசாலைக்குப் போனால் சாப்பாட்டுக்கு வருவார், தூங்குவார், மறுபடி போவார். மாப்பிள்ளை வீட்டாருக்கு நானே தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். எனக்கு ஓர் அக்கா இருந்தாள், அவள் இப்படிப் போனாள் என்று. அவர்கள் மரியாதையாக விசாரித்துவிட்டு, பிறகு கூப்பிடவே இல்லை. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

அக்காவின் பெயர் கசெட்டில் வந்தது. எங்களுக்கு முன்னால் அப்பாவுக்குத்தான் தெரிந்தது. அன்று சனிக்கிழமை, எனக்கு அரைநாள் வேலை. நான் வீடு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார். சட்டை வெளியே விட்டிருந்தது; அப்படி அவரை நான் தெருவில் பார்த்ததே இல்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, சட்டைக்கு அடியிலிருந்து கசெட்டை உருவினார். வாசிகசாலையின் பிரதி. அரசாங்கப் பென்சில் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர், நாலு கிழவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று கசெட்டைத் திருடிக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஒரு பிரதியை எடுத்துவிட்டால் நாட்டில் வேறு பிரதியே இல்லை என்பதுபோல. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா அந்தப் பக்கத்தை விரித்து விரலால் காட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஆட்சேபம் இருந்தா இரண்டு மாசத்துக்குள்ள ஆரும் போடலாம் எண்டிருக்கு," என்றார். "நான் போடப் போறன்."

அவரிடம் ஒரு பழைய டைப்ரைட்டர் இருந்தது. பென்ஷன் மனு எழுதத் தெரியாதவர்களுக்கு அதில் அடித்துக் கொடுப்பார். அதைத் தூக்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்து, கார்பன் தாள் செருகி, உட்கார்ந்துவிட்டார்.

விளையாட்டு இல்லை இது. குடும்பத் தலைவரே எழுந்து நின்று எங்களுக்குச் சம்மதமில்லை என்றால் பதிவகம் நிறுத்திவைக்கும். வழக்கு விசாரணை என்று வருடக்கணக்கில் இழுக்கும். லாயர் கைவிரித்துவிடுவார், மிஸ்ஸி நொந்துபோய்ப் பெயரை மாற்றிவிடுவார். நான் டைப்ரைட்டரைப் பிடுங்கத்தான் போனேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

"விடு பிள்ளை. எழுதட்டும்."

"அம்மா, உங்களுக்கு விளங்கேல்லை. இவர் எழுதினா எல்லாம் போச்சு."

"அவரும் எழுதத்தானே வேணும்" என்றார் அம்மா. அவர் என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ மனுக்களை அடித்தவர், இந்த மாதிரி ஒன்றை அடித்ததில்லை. "நீ லாயர் கந்தோரில இருக்கிறாய். முதல்ல என்ன வர வேணும்?"

எனக்கு இருந்த ஆத்திரத்தில் ஒவ்வொரு சொல்லையும் கடித்துத் துப்பினேன். "முதல்ல நீங்கள் ஆர் எண்டு வர வேணும். உங்கட பேர், விலாசம். பிறகு அந்தப் பேருக்குரியவளுக்கு நீங்கள் என்ன உறவு எண்டு. அதுக்குப் பிறகுதான் என்ன காரணம் எண்டு."

அவர் தலையாட்டிவிட்டு அடிக்கத் தொடங்கினார். பெயர், விலாசம், அடையாள அட்டை எண், ஓய்வுபெற்ற தலைமைக் கிராணி. சத்தம் வேகமாக, சீராக வந்தது. அவர் வேலை செய்த காலத்தில் நாங்கள் கேட்டு வளர்ந்த சத்தம். பிறகு மெதுவானது. ஓர் எழுத்து, கொஞ்ச நேரம், இன்னோர் எழுத்து. அது அக்காவின் பெயர் என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அதே மாதிரித்தான் நானும் அலுவலகத்தில் அடித்தேன். அம்மா வாசல்படியில் நின்று ஒவ்வோர் எழுத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சத்தம் நின்றுவிட்டது. ரொம்ப நேரம் வரவில்லை. நான் போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். கந்தோர் முறைப்படி, இறந்தவர் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போட வேண்டும். அதற்கு இடம் விட்டிருந்தார். மற்றவர்களின் மனுக்களில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்திருப்பார்.

"பிள்ளை," என்றார், என்னைப் பார்க்காமல். "தகப்பன் எண்டு மட்டும் போட்டாக் காணுமோ? மற்றதைப் போடத்தான் வேணுமோ?"

எனக்கு அவ்வளவு நேரம் இருந்த ஆத்திரம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"காணும் அப்பா. தகப்பன் எண்டு மட்டும் போடுங்கோ."

அவர் அடித்தார். அடுத்த வரி காரணத்துக்கு. அதில் ஒன்றும் விழவில்லை. அந்தத் தாள் எங்கள் வீட்டுப் படியைத் தாண்டவில்லை. இரண்டு மாதம் கழிந்தது, வேறு யாரும் ஆட்சேபிக்கவில்லை, பெயர் பதிவாகியது. அதெல்லாம் பிறகு. அன்று வெயில் இறங்கும்வரை அப்பா அந்தத் தாளுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அம்மா சோற்றைச் சூடாக்கித் தட்டில் போட்டு, மேசையில் இடமில்லாமல் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டார்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அக்காவின் பெயரைச் சொல்லி, "அவள் சாப்பிட்டிட்டாளோ?" என்று கேட்டார்.

"ஓம், சாப்பிட்டிட்டாள்," என்றார் அம்மா. "நீங்கள் வாங்கோ."